நடந்தால் பசிக்காத உலகம்

மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட கனசதுரம். அது நிஜக் கருங்கல்லாக இருந்தால் இரண்டரை டன்னுக்குமேல் எடை வரும். அப்படிப்பட்ட 800 பிளாக்குகளை ஒருவர் குந்தாலியால் வெட்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாயிரம் டன் பாறை. அவருக்கு எவ்வளவு பசிக்கும்? திரையின் அடியில் பசியைக் காட்டுவதற்கென்று பத்து இறைச்சிக்கால் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் அரைப்படத்துக்குச் சமமான ஒரே ஒரு புள்ளி செலவாகும். அதே ஆள் வெறுங்கையோடு 40 மீட்டர் ஓடினாலும் அதே ஒரு புள்ளிதான் செலவு. நடந்தால் ஒன்றுமே செலவில்லை.

இந்தக் கணக்கை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்த விளையாட்டின்மேல் இருந்த பார்வை மாறிவிட்டது. அதுவரை அது வீடு கட்டும் விளையாட்டு, சுரங்கம் தோண்டும் விளையாட்டு. அதற்குப் பிறகு அது ஒரு உலகத்தின் பொருளாதாரம். யார் எதைச் சாப்பிடுவார்கள், எதைப் பயிரிடுவார்கள், எவ்வளவு தூரம் போவார்கள் என்பதையெல்லாம் ஒரு சிறிய அட்டவணையில் உள்ள எண்கள் முடிவு செய்கின்றன. அந்த எண்களை ஆட்டக்காரரே திறந்து மாற்றவும் முடியும். அப்படி மாற்றும் சிறு நிரல்களுக்கு மோட் என்று பெயர்.

மைன்கிராஃப்ட் 2009 மே மாதம் முதன்முதலில் பொதுமக்கள் கைக்கு வந்தது. சுவீடனைச் சேர்ந்த மார்க்குஸ் பெர்சன் என்ற நிரலாளர் எழுதத் தொடங்கியது. 2023 அக்டோபரில் 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். சாண்ட்பாக்ஸ் வகை விளையாட்டு இது. இதை வென்றால்தான் அடுத்தது என்ற கட்டாயம் கிடையாது. மணலில் உட்கார்ந்த குழந்தை மாதிரி நினைத்ததைச் செய்யலாம். ஆனால் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குச் சாப்பிட வேண்டும்.

சாப்பாட்டின் பின்னால் மூன்று எண்கள் ஓடுகின்றன. கணினிக்கான ஜாவா பதிப்பை வைத்தே சொல்கிறேன். முதல் எண் பசிப்பட்டை. 0 முதல் 20 வரை. ஒரு இறைச்சிக்கால் படம் இரண்டு புள்ளி. இது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது எண்ணைச் சாச்சுரேஷன் என்பார்கள். நான் நிறைவு என்று சொல்லிக்கொள்கிறேன். இது திரையில் எங்கும் தெரியாது. முந்தானையில் முடிந்துவைத்த காசு மாதிரி. வெளியே தெரியாவிட்டாலும் முதலில் செலவாவது அதுதான். மூன்றாவது எண் களைப்பு. ஓடினால் மீட்டருக்கு 0.1, குதித்தால் 0.05, யாரையாவது அடித்தால் 0.1, பிளாக் ஒன்றை உடைத்தால் 0.005 என்று அது ஏறிக்கொண்டே போகும். களைப்பு 4-ஐ எட்டும்போதெல்லாம் நிறைவிலிருந்து ஒரு புள்ளி கழியும். நிறைவு தீர்ந்துபோயிருந்தால் மட்டுமே பசிப்பட்டையில் கைவைக்கும்.

ஆகவே ஒவ்வோர் உணவுக்கும் இரண்டு மதிப்புகள் உண்டு: பட்டையை எவ்வளவு ஏற்றும், நிறைவை எவ்வளவு கூட்டும். ஆப்பிள் பட்டைக்கு 4, நிறைவுக்கு 2.4. ரொட்டி 5, 6. சுட்ட மாட்டிறைச்சி 8, 12.8. குக்கீ 2, வெறும் 0.4.

தெரியும் எண்ணை மட்டும் நம்பினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒரு ஜோடியைச் சொல்கிறேன். ஒரு பாட்டில் தேன், ஒரு தங்கக் கேரட். இரண்டுமே பட்டையில் 6 புள்ளி, அதாவது மூன்று இறைச்சிக்கால் ஏற்றும். இரண்டைச் சாப்பிட்டாலும் திரையில் ஒரே காட்சி. ஆனால் தேனின் நிறைவு 1.2, தங்கக் கேரட்டின் நிறைவு 14.4. இரண்டு மதிப்பையும் கூட்டி, நாலால் பெருக்கி, ஓட்டச் செலவான 0.1-ஆல் வகுத்தால் அந்த உணவு நம்மை எத்தனை மீட்டர் ஓடவைக்கும் என்று வந்துவிடும். தேன் 288 மீட்டர். தங்கக் கேரட் 816 மீட்டர். ரொட்டி 440 மீட்டர், ஆப்பிள் 256, குக்கீ 96. சுட்ட மாட்டிறைச்சி 832 மீட்டரோடு தங்கக் கேரட்டை ஒரு மயிரிழையில் முந்துகிறது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. நிறைவு ஒருபோதும் பசிப்பட்டையைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் மிச்சம் வீண். அதனால் என்ன சாப்பிடுகிறோம் என்பதோடு எந்த வரிசையில் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. பட்டையில் 4 புள்ளிதான் மிச்சம், நிறைவு பூஜ்யம் என்று வையுங்கள். கையில் ஒரு தங்கக் கேரட்டும் பட்டைக்கு 8, நிறைவுக்கு 4.8 தரும் ஒரு பம்ப்கின் பையும் இருக்கின்றன. கேரட்டை முதலில் தின்றால் பட்டை 10 ஆகும், 14.4 நிறைவில் 10 மட்டும் நிற்கும், 4.4 காற்றில் போகும். பிறகு பையைத் தின்றால் பட்டை 18, நிறைவு 14.8. மாற்றிச் செய்து பாருங்கள். பை முதலில்: பட்டை 12, நிறைவு 4.8. பிறகு கேரட்: பட்டை 18, நிறைவும் 18. அதே இரண்டு உணவு, அதே வயிறு. வரிசை மாறியதால் 128 மீட்டர் ஓட்டம் கூடுதலாகக் கிடைக்கிறது. இதை எந்தப் படமும் எந்த எழுத்தும் ஆட்டக்காரருக்குச் சொல்வதில்லை. ஆப்பிள்ஸ்கின் என்ற மோட் இதற்காகவே பிறந்தது. அது எந்த மதிப்பையும் மாற்றுவதில்லை. இறைச்சிக்கால் படங்களைச் சுற்றிப் பொன்னிறக் கோடு ஒன்றை வரைந்து, ஒளிந்திருக்கும் நிறைவை வெளியே காட்டுகிறது. ஒரு எண்ணைக் கண்ணுக்குக் காட்டினாலே மக்கள் சாப்பிடும் முறை மாறிவிடுகிறது.

பசி இந்த உலகத்தில் ஆரம்பத்திலிருந்தே இருக்கவில்லை. 2011 செப்டம்பரில் வந்த பீட்டா 1.8 பதிப்புவரை ஆட்டக்காரருக்குப் பசியே கிடையாது. உணவு நேரடியாக உயிர்ப்புள்ளிகளை ஏற்றியது. அடி வாங்கினால் ஒரு துண்டு பன்றி இறைச்சி. உடனே காயம் ஆறிவிடும். அடிபடாத ஆள் ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடக்கலாம். உணவே மருந்து என்று நாம் சொல்வோமே, அங்கே அது சொல்லுக்குச் சொல் உண்மை. உணவு மருந்தாக மட்டுமே இருந்தது. பீட்டா 1.8-இல்தான் அது உணவாயிற்று. காயம் இப்போது தானாக ஆறும், ஆனால் பட்டை 18-க்குக் குறையாமல் இருந்தால்தான். ஆறுவதற்கும் விலை உண்டு: அரை இதயம் ஆற 6 களைப்பு, அதாவது ஒன்றரைப் புள்ளி உணவு. பட்டை 6-க்கு இறங்கிவிட்டால் ஓட முடியாது. பூஜ்யத்தில் நான்கு நொடிக்கு அரை இதயமாக உயிர் கரையும்; கடினமான நிலையில் ஆடினால் செத்தே போகலாம்.

இந்த எண்கள் எங்கே இருக்கின்றன? ஜாவா நிரலின் ஒரு மூலையில், உணவுகளுக்கென்றே ஒரு பட்டியல். ஆப்பிளுக்கு ஒரு வரி, ரொட்டிக்கு ஒரு வரி. வரிக்கு இரண்டு எண்கள். ஆப்பிள் வரியில் 4 என்றும் 0.3 என்றும் எழுதியிருக்கும். இரண்டாவது எண் நிறைவு அல்ல, நிறைவின் வீதம். 4-ஐ 0.3-ஆல் பெருக்கி மறுபடி 2-ஆல் பெருக்கினால் 2.4. ரொட்டியின் வீதம் 0.6, இறைச்சிக்கு 0.8, தங்கக் கேரட்டுக்கு 1.2, தேனுக்கும் குக்கீக்கும் 0.1. மோட் எழுதுபவர் தொட விரும்புவது இந்த வரிகளைத்தான்.

தொடுவது அவ்வளவு எளிதாக இருந்ததில்லை. விற்பனைக்கு வந்த நிரலில் பெயர்களெல்லாம் அழிக்கப்பட்டு, பொருளற்ற ஓரெழுத்து ஈரெழுத்துக் குறிகளாக மாற்றப்பட்டிருந்தன. ஆப்பிள் எது, ரொட்டி எது என்று படித்தால் தெரியாமல் இருந்தது. ஆர்வலர்கள் அதைப் பிரித்து, ஒவ்வொரு குறியும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தாங்களாகவே பெயர் வைத்தார்கள். மைன்கிராஃப்ட் கோடர் பேக் என்ற அந்தக் கூட்டு முயற்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கல்வெட்டு படிப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். தேய்ந்த எழுத்தைச் சூழலை வைத்து ஊகித்து, ஊகத்தைச் சோதித்து, பிறகு பொருளை உறுதி செய்யும் அதே உழைப்பு. 2019-இல் விளையாட்டை உருவாக்கும் நிறுவனமே தன் அசல் பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. அதற்கு முன்பே ஃபோர்ஜ், ஃபேப்ரிக் போன்ற ஏற்றிகள் வந்துவிட்டன. விளையாட்டு தொடங்கும் நொடியில் அவை உள்ளே புகுந்து, மூல நிரலைத் தொடாமலே, நினைவகத்தில் ஏறும் வரிகளை மாற்றிவைக்கும். மோட் எழுதியவர் கவனமானவராக இருந்தால் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பையும் கூடவே தருவார். ரொட்டி, 5, 0.6 என்று அதில் இருக்கும். நிரல் தெரியாத பள்ளிப் பிள்ளைகூட நோட்பேடில் திறந்து 5-ஐ 8 ஆக்கலாம்.

2024 ஏப்ரலில் வந்த 1.20.5 பதிப்பில் இன்னொரு கதவு திறந்தது. அதுவரை ரொட்டி என்ற இனத்துக்கு ஒரு மதிப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தனி ரொட்டியும் தன் மதிப்பைத் தானே சுமக்கலாம். மோட் இல்லாமலே, அடுப்படிக் குறிப்பை மாற்றும் ஒரு டேட்டா பேக் வழியாக, நாம் செய்யும் ரொட்டிக்கு மட்டும் 8 புள்ளி கொடுக்கலாம். கிராமத்துப் பெட்டியில் கிடைக்கும் ரொட்டி பழைய 5 புள்ளியிலேயே இருக்கும். இரண்டும் பார்க்க ஒன்றுதான். ஆனால் பையில் ஒரே அடுக்கில் சேராது. உள்ளே உள்ள எண் வேறு என்பதால் விளையாட்டு அவற்றை வேறு பொருளாகவே நடத்துகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த காட்சி. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு, கலக்க மறுப்பதன் மூலம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

சரி, எண்ணை மாற்றினால் என்ன ஆகும்? முதலில் எல்லோரும் செய்வது ரொட்டிக்கு 20 வைப்பது. ஒரு ரொட்டி, வயிறு முழுக்க. பையின் ஒரு கட்டத்தில் 64 ரொட்டி அடங்கும். அதோடு பசி என்ற விஷயமே அந்த உலகத்திலிருந்து மறைந்துவிடும். பயிர் செய்யவும் ஆளில்லை. எதிர்த்திசையில் எல்லா உணவுக்கும் 1 வைத்துப் பாருங்கள். ஒன்றைச் சாப்பிட 1.6 நொடி ஆகும். காலி வயிற்றை நிரப்ப 32 நொடி நின்று மென்றுகொண்டிருக்க வேண்டும், அதுவும் ஊர்ந்து நடக்கும் வேகத்தில். இருட்டில் எலும்புக்கூடு அம்பு விடும்போது 32 நொடி என்பது பெரிய காலம். உணவின் மதிப்பு புள்ளியில் மட்டும் இல்லை, மெல்லும் நேரத்திலும் பையில் பிடிக்கும் இடத்திலும் இருக்கிறது என்பது அப்போது விளங்கும். முயல்கறிக் கூட்டு பட்டைக்கு 10, நிறைவுக்கு 12 தந்தும் பயணத்துக்கு யாரும் எடுத்துப்போகாததற்குக் காரணம் அதுதான். ஒரு கிண்ணம் ஒரு கட்டத்தை முழுசாக அடைத்துக்கொள்ளும்.

இன்னும் ஆழமான ஒன்று கோதுமைக்கும் மாட்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. 12 கோதுமைக் கதிர் இருக்கிறது என்று வையுங்கள். மூன்று கதிருக்கு ஒரு ரொட்டி. மாவு அரைக்க வேண்டாம், அடுப்பும் வேண்டாம். நாலு ரொட்டி, மொத்தம் 20 பசிப்புள்ளி. அதே 12 கதிரை மாடுகளுக்குக் கொடுத்தால்? ஜோடிக்கு இரண்டு கதிர் வீதம் ஆறு கன்று பிறக்கும். 20 நிமிடத்தில் அவை வளர்ந்துவிடும். ஒரு மாட்டில் 1 முதல் 3 துண்டு இறைச்சி, சராசரி இரண்டு. பன்னிரண்டு துண்டு, சுட்டால் 96 புள்ளி. தானியத்தை மனிதர் தின்றால் 20, மாட்டுக்குப் போட்டு மாட்டைத் தின்றால் 96.

நிஜ உலகம் நேர் எதிர். 1942-இல் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் மினசோட்டாவின் ஏரி ஒன்றை ஆராய்ந்து, உணவுச் சங்கிலியில் படிக்குப்படி ஆற்றல் எவ்வளவு இழப்பாகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். படிக்குப் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது என்று பள்ளியில் படிக்கிறோமே, அதன் வேர் அங்கே. மாடு தின்றதில் பெரும்பகுதி உடல் வெப்பமாகவும் மூச்சாகவும் நடையாகவும் போய்விடும். தட்டுக்கு வருவது சிறு பங்குதான். மைன்கிராஃப்ட் மாடு மூச்சு விடுவதில்லை, வெப்பம் இழப்பதில்லை. புல்லும் மேய்வதில்லை, அங்கே புல் தின்பது செம்மறியாடு மட்டும், அதுவும் கம்பளி வளர. கன்று பசியாறாமலே எடை கூடுகிறது. அந்த 96-க்கும் 20-க்கும் நடுவிலுள்ள 76 புள்ளி எங்கிருந்தும் வரவில்லை, சும்மா தோன்றுகிறது.

இதை மோட் மூலம் நேர்செய்ய நினைத்தால் இறைச்சியின் 8 புள்ளியை ஒன்றரைக்குச் சற்றே மேல் இறக்க வேண்டும். அப்போதுதான் மாடும் ரொட்டியும் சமம். லிண்டெமன் கணக்குக்கு வர இன்னும் கீழே போக வேண்டும். அப்படிச் செய்த உலகத்தில் மாடு அழிந்துவிடுமா? அழியாது. தோலுக்காக வளர்ப்பார்கள். தோலும் காகிதமும் சேர்ந்தால் புத்தகம். புத்தகம் இருந்தால்தான் ஆயுதங்களுக்கு மந்திரம் ஏற்ற முடியும். உணவு அட்டவணையில் ஒரு எண்ணைக் குறைத்ததால் மாடு அடுப்படியிலிருந்து நூலகத்துக்கு இடம் மாறுகிறது. ஊரைச் சுற்றிலும் தொழுவமாக இருந்த நிலம் கோதுமை வயலாகிறது. மதிப்பு என்பது ரொட்டிக்குள்ளோ இறைச்சிக்குள்ளோ உட்கார்ந்திருக்கும் குணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மற்ற எல்லா எண்களோடும் அது போடும் பேரம்தான் மதிப்பு என்பதை இந்த மாடு எனக்குப் புரியவைத்தது.

ஒளிந்திருக்கும் நிறைவு எண்ணும் கற்பனை மட்டுமல்ல. நம் உடலிலும் அப்படி ஒன்று உண்டு; அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உணவின் ஆற்றலை அளப்பது பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர், ஒரு மனிதர் உள்ளேயே தங்கி உண்டு உறங்கும் அளவுக்குப் பெரிய கலோரிமீட்டரைக் கட்டி அளந்தார். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்புக்கு 9 என்று உணவுப் பொட்டலங்களின் பின்னால் இன்றும் புழங்கும் கணக்கு அவர் வழிவந்தது. ஆனால் எவ்வளவு ஆற்றல் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நேரம் பசி தாங்கும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதை 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் சுசானா ஹோல்ட்டும் கூட்டாளிகளும் அளந்தார்கள். 38 உணவுகள். ஒவ்வொன்றிலும் சரியாக 240 கிலோகலோரி வரும் அளவு. சாப்பிட்டவர்களிடம் கால் மணிக்கொரு தரம், இரண்டு மணி நேரம், பசி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிட்டார்கள். ஆற்றல் சமம், ஆனால் முடிவுகள் எங்கெங்கோ போயின. குருவாசான் 47, கேக் 65, மாட்டிறைச்சி 176, ஆப்பிள் 197, மீன் 225. எல்லாவற்றுக்கும் மேலே வேகவைத்த உருளைக்கிழங்கு, 323.

மைன்கிராஃப்ட் அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு தனி சுகம். கேக்கின் வீதம் 0.1 என்று தாழ வைத்தது சரி. இறைச்சியை ரொட்டிக்கு மேலே வைத்ததும் சரி. ஆப்பிளை ரொட்டியில் பாதியாக வைத்திருக்கிறார்கள். சிட்னி மனிதர்களுக்கு ஆப்பிள் ரொட்டியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தாங்கியது. சுட்ட உருளைக்கிழங்குக்கோ 5 புள்ளி, வீதம் 0.6. அச்சு அசல் ரொட்டியின் மதிப்பு.

அந்த வரியை மட்டும் ஹோல்ட் சொன்னபடி மாற்றினால்? 0.6-ஐ 3.23-ஆல் பெருக்கினால் 1.94. ஒரு கிழங்கின் நிறைவு 19.4 ஆகும். தங்கக் கேரட்டையே விஞ்சிவிடும். இதில் ஓர் உரசல் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹோல்ட் ஒப்பிட்டது சம கலோரி அளவுகளை, எண்ணிக்கையை அல்ல. அவர் வேகவைத்ததை விளையாட்டு சுடுகிறது. ஆனாலும் ஒரு பரிசோதனைக்கு இது போதும்.

இனி அந்த உலகம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஒரு தங்கக் கேரட் செய்ய ஒரு கேரட்டும் எட்டுத் தங்கத் துணுக்குகளும் வேண்டும். ஒன்பது துணுக்கு சேர்ந்தால் ஒரு தங்கக் கட்டி. அதாவது ஏறக்குறைய ஒரு கட்டித் தங்கத்தைத் தின்கிறோம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைச் சலிக்காமல் செய்வது அந்த 14.4-க்காகத்தான். உருளைக்கிழங்கு 19.4 ஆன மறுநாள் தங்கத்தின் பசி சார்ந்த தேவை மறைந்துவிடும். தங்கக் கேரட் விற்கும் கிராமத்து விவசாயியைத் தேடி யாரும் வரமாட்டார்கள். கையில் ஒரு கிழங்கு கிடைத்துவிட்டால் போதும், நட்டால் பெருகும். ஒரு துண்டு நிலக்கரியில் எட்டுக் கிழங்கு சுடலாம். ஊர் முழுக்கக் கிழங்கு வயல். ஆண்டீஸ் மலையில் பிறந்த கிழங்கு ஐரோப்பாவுக்குப் போனபோது, குறிப்பாக அயர்லாந்தில், ஏறத்தாழ அதுதான் நடந்தது. சிறு துண்டு நிலம் ஒரு குடும்பத்தைத் தாங்கியது. மக்கள் அந்த ஒரே பயிரின்மேல் சாய்ந்தார்கள். 1845-இல் கிழங்கு அழுகல் நோய் வந்தபோது அந்தச் சாய்வே பெரும்பஞ்சமாயிற்று. பத்து லட்சம் பேர்வரை மாண்டார்கள். விளையாட்டில் பயிர்நோய் கிடையாது. அதனால் அங்கே ஒற்றைப் பயிருக்குத் தண்டனையும் கிடையாது.

தண்டனை இல்லாததைக் குறையாகக் கண்ட சிலர் வேறு வழியில் போனார்கள். ஸ்பைஸ் ஆஃப் லைஃப் என்ற மோட் ஆட்டக்காரர் அண்மையில் சாப்பிட்டவற்றை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரே உணவைத் திரும்பத் திரும்பத் தின்றால் அதன் மதிப்பு படிப்படியாக இறங்கும். வேறொன்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி ஏறும். இதற்கும் உடலில் நேர் இணை இருக்கிறது. ஒரே பண்டத்தைத் தின்னத் தின்ன அதன் சுவை மட்டும் சலித்துப்போவதையும், புதிய பண்டம் வந்ததும் வயிற்றில் இடம் பிறப்பதையும் பார்பரா ரோல்ஸும் சக ஆய்வாளர்களும் 1980-களின் தொடக்கத்தில் சோதித்து எழுதினார்கள். கல்யாணப் பந்தியில் போதும் போதும் என்றவர் பாயசம் வந்ததும் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான்.

டெர்ராஃபர்மாகிராஃப்ட் என்ற மோட் இன்னும் கடுமையானது. தானியம், பழம், காய்கறி, புரதம், பால் என்று ஐந்து கணக்கு வைக்கும். எதை விட்டாலும் உடல்பலம் குறையும். அங்கே உணவு கெட்டும் போகும். இந்தக் கெட்டுப்போதல் நிரலாளருக்குக் கொடுக்கும் தலைவலி சுவையானது. சாதாரண மைன்கிராஃப்டில் ரொட்டி என்றைக்கும் ரொட்டிதான். அதனால் 64 ரொட்டியை ஒரே அடுக்காக வைக்கலாம். கெட வேண்டுமானால் ஒவ்வொரு ரொட்டியும் தான் பிறந்த நேரத்தைச் சுமக்க வேண்டும். அப்போது காலையில் செய்ததும் மதியம் செய்ததும் வேறு வேறு பொருளாகி அடுக்கில் சேராமல் பையே நிரம்பிவிடும். தீர்வாகப் பிறந்த நேரத்தைச் சில மணி நேரக் கூறுகளாகத் தோராயப்படுத்தி, அருகருகே பிறந்தவற்றை ஒன்றாகப் பாவிக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நான் முதலில் சொன்ன 800 பிளாக் கணக்கு அப்படியே இருக்கிறது. உணவு அட்டவணையில் எதை மாற்றினாலும் அது நகராது. ஏனென்றால் அது வரவுப் பக்கம் இல்லை, செலவுப் பக்கம். அங்கேயும் எண்கள் மாறியிருக்கின்றன. 2016 நவம்பரில் வந்த 1.11 பதிப்புக்கு முன்பு ஒரு பிளாக் உடைக்க 0.025 களைப்பு, இன்றைப்போல் ஐந்து மடங்கு. நடப்பதற்கும் அன்று மீட்டருக்கு 0.01 செலவிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த விதம்தான் அழகு. அதற்குப் பின்வந்த பல பதிப்புகளின் நிரலில் நடைக்கான வரி அழிக்கப்படாமல் அப்படியே நின்றது. நடந்த தூரத்தைக் கணக்கெடுக்கும், பூஜ்யத்தால் பெருக்கும், வந்த பூஜ்யத்தைக் களைப்போடு கூட்டும். மோட் எழுதுபவருக்கு அதைவிட நல்ல அழைப்பு வேண்டியதில்லை. அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்கினால் போதும், உலகத்தில் உள்ள எல்லோருக்கும் நடந்தால் பசிக்கத் தொடங்கிவிடும்.

பசி வந்த அந்த பீட்டா 1.8 பதிப்பில் இன்னொன்று காணாமல் போயிற்று. அதற்கு முன்பிருந்த உலகங்களில் மையத்திலிருந்து 1,25,50,821 பிளாக் தள்ளிப் போனால், நிலத்தை உருவாக்கும் கணக்கு உடைந்து, தரை வானளாவிய துளைச்சுவராக எழும்பி நிற்கும். தொலைநிலங்கள் என்ற பொருளில் ஃபார் லேண்ட்ஸ் என்று அதற்குப் பெயர். 1.8-இல் நிலமாக்கும் நிரலைத் திருத்தி எழுதியபோது அது மறைந்தது. பசியில்லாத உலகமும் தொலைநிலங்கள் உள்ள உலகமும் ஒரே நாளில் முடிந்தன. 2011 மார்ச்சில் அமெரிக்க யூடியூபர் ஒருவர் அந்தச் சுவரைப் பார்த்தே தீர்வது என்று மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். புதிய பதிப்பு வந்தும் அவர் மாறவில்லை, பழைய 1.7.3-இலேயே ஆண்டுக்கணக்கில் நடந்தார். நொடிக்கு 4.3 மீட்டர் வேகத்தில் இரவுபகலாக நிற்காமல் நடந்தால்கூட 33 நாளுக்கு மேலாகும் தூரம் அது. அவர் பையிலும் உணவு இருந்தது. வழியில் எங்கேனும் அடிபட்டால் மட்டும் எடுத்துத் தின்பார்.